பிந்தி வந்த சொற்கள்

காய்ச்சலில் காது போனபின் அக்கா பள்ளிக்கூடம் போகவில்லை. அவள் கணக்கு டீச்சர். எதிரில் பேசுவதைக் கேட்டுச் சின்னத் திரையில் எழுத்தாகக் காட்டும் ஒரு பெட்டியைத் தம்பி செய்து கொடுத்திருந்தான். திங்கட்கிழமை தலைமையாசிரியை அவள் வகுப்பில் வந்து உட்காருவார். பாடம் ஒழுங்காக நடந்தால் வேலை திரும்பக் கிடைக்கும்.

ஆனால் சொற்கள் பிந்தி வந்தன. வேகமான புதிய ப்ராசஸரைப் போட்டும் ஆமை வேகம்தான்.

“சாப்பிட்டியான்னு நீ கேட்டது இப்பதான் வருது. நான் கையே கழுவியாச்சுடா.”

“கிண்டல் பண்ணாதக்கா. ப்ராசஸருக்குள்ள கணக்குப் போடுற ரெண்டு கோரும் மூச்சு முட்ட ஓடுது, வேலைதான் நகரல.”

திரையில் அது வரும்வரை காத்திருந்து, “அப்படி என்னதான் செய்யுதுங்க?” என்றாள்.

“ஒண்ணு மைக்ல வந்த ஒலியை எண்ணும். இன்னொண்ணு எழுத்தாக்கி முடிச்சதை எண்ணும். அந்த எண்ணை ஒவ்வொரு கோரும் தனக்குன்னு கேஷ்னு ஒரு குட்டி நினைவகத்துல வச்சுக்கும். அதுல ஒரு எண்ணை மட்டும் தனியா எடுக்க முடியாது. அக்கம்பக்கத்தையும் சேத்து ஒரு துண்டாத்தான் எடுக்கும்.”

“ரெண்டு எண்ணும் ஒரே துண்டுல மாட்டிக்கிட்டா?”

“ஒண்ணு எழுதினா மத்தது வச்சிருக்கிறது செல்லாது. திரும்ப வாங்கணும். ஒரே போர்வையை ரெண்டு பேர் இழுக்கிற கதைதான். அதான் ஒரு துண்டு தள்ளி வைக்கச் சொல்லியிருக்கேனே, முப்பத்திரண்டு பைட்.”

சொன்ன வாய் மூடவில்லை. முப்பத்திரண்டு பழைய ப்ராசஸரின் துண்டு அளவு! பெட்டியை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னலுக்குப் பழையதில் செய்த அமைப்பைத்தான் அப்படியே நகலெடுத்துப் புதியதிலும் போட்டிருந்தான். புதியதன் துண்டு அறுபத்து நான்கு. தள்ளி வைத்ததாக நினைத்த இரண்டும் ஒரே துண்டுக்குள் முட்டிக்கொண்டிருந்தன.

அதை அவளிடம் ஒப்புக்கொண்டு, அமைப்பில் ப்ராசஸர் வகையை மாற்றி, கெர்னலை மறுபடி கட்டி ஏற்றினான். “அக்கா” என்று கூப்பிட்டான். திரையில் எழுத்து உடனே விழுந்தது; அவள் திரும்பினாள். திரும்பியவள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

“இது எதுக்கு?”

“நகலெடுத்ததுக்கு. என் வகுப்புல இதுக்கு முட்டியே போட வச்சிருப்பேன்.”

திங்கட்கிழமை அவள் பலகையில் ஒரு பின்னக் கணக்கை எழுதினாள். மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “மிஸ், விடை தப்பு!”

மேசைமேல் இருந்த பெட்டியின் திரையில் எழுத்து வந்தது. “எந்த வரியில?”

“ரெண்டாவது!”

பார்த்தாள். தப்புதான். அழித்துத் திருத்தினாள். உடனே எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். திரை கூழாகிப் போனது. அவள் கையை உயர்த்தினாள்.

“பெட்டிக்கு ஒரு நேரத்துல ஒருத்தர் பேசினாத்தான் புரியும்.”

வகுப்பு அடங்கியது. ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள்.

கடைசிப் பெஞ்சிலிருந்து தலைமையாசிரியை எழுந்தார். “நான் கத்தினா அடங்காத பசங்க! டீச்சர், நாளைக்கு எட்டாம் வகுப்பையும் எடுத்துக்கறீங்களா?”

அக்கா படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள். பிறகுதான் தலையாட்டினாள்.