பச்சை ஆட்களுக்கு நடுவே ஓர் இருக்கை

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மன்னிப்புக் கேட்க வாய் வராமல் பிறந்தது. எங்கள் இசொனாமி கால்பந்து அணியின் ரசிகர் குழு, வெளியூர் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் பிறகு நான்கு பக்கத் தாள் ஒன்று போடும். அதில் பயணக் குறிப்பு எழுதுவது என் வேலை. இந்த முறையும் குறிப்பு எழுதத்தான் உட்கார்ந்தேன். அதில் "நான்" என்று வருகிற இடமெல்லாம் கை நின்றது. சரி, கதையாக எழுதித் தப்பிக்கலாம் என்று பார்த்தேன்.

முதல் தொடக்கம்: "பருவத்தின் கடைசி ஞாயிறு. மலைகளின் மேல் மெல்லிய பனி படர்ந்து, சூரியன்..."

சே! ஆறு மணி நேர பஸ்ஸில் மலையை யார் பார்த்தார்கள்? எல்லோரும் பாடிக்கொண்டிருந்தோம். ஜெயித்தால் தொழில்முறை லீக்கின் மூன்றாம் பிரிவில் இருப்போம். சமன் செய்தால்கூட வெளியே. வெளியே என்றால் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள் கிடையாது, இப்படி ஊர் ஊராகப் போகும் பஸ்ஸும் கிடையாது. எனக்குப் பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வருமா என்று கேட்காதீர்கள், வரும்.

2

தமாயோ அக்காவை அறிமுகப்படுத்த வேண்டும். அறுபத்திரண்டு வயது, மீன் சந்தையில் ஐஸ் உடைக்கிறவர், எங்கள் பெரிய மேளம் அவருடையது. பதினோரு வருடமாக ஒரு வெளியூர் ஆட்டம் தவறவிட்டதில்லை. (முந்தைய வரைவில் இவரை ஆணாக்கி, கட்டையாக ஒரு மீசையும் வைத்தேன். மீசைக்காரன் அக்கா மாதிரி பேச மறுத்துவிட்டான்.)

மைதான வாசலில் எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. எதிரி ஊருக்குப் பேர்போன பண்டத்தை ஆட்டத்துக்கு முன் தின்று தீர்க்க வேண்டும், அப்போதுதான் எதிரியையும் தின்போம். இந்த முறை எதிரி ஊரான கிடாநோவில் அது, மிசோ என்ற சோயா விழுதைத் தடவிச் சுட்ட அரிசி உருண்டை. அக்கா நான்காவதைக் கடித்தார்.

"அக்கா, போதும். மேளம் அடிக்கக் கை தூக்க முடியாது."

"நீ சும்மா இருடா மோரி. இவனுங்க ஊரையே தின்னுட்டுத்தான் உள்ள போவேன்."

எல்லோருக்கும் ஆரஞ்சுச் சட்டை, எல்லோருக்கும் சிரிப்பு. அப்போதுதான் வாசலில் இருந்த பெண் அக்காவின் டிக்கெட்டைப் பார்த்துவிட்டுக் குனிந்து வணங்கினாள்.

"ரொம்ப மன்னிக்கணும்மா. இது உள்ளூர் ரசிகர் பக்கத்து டிக்கெட்டுங்க."

3

இந்த இடத்தில் மூன்று வாக்கியம் எழுதி அடித்தேன். "இயந்திரம் தவறாக..." இல்லை. "அவசரத்தில் யாரோ..." யாரோ இல்லை. நான்தான்.

பதினொரு பேருக்கு ஒழுங்காக வாங்கினேன். அக்காவுக்கு லீவு கிடைத்தது கடைசியில்தான் தெரிந்தது. கடையிலிருக்கும் டிக்கெட் இயந்திரத்தில் தனியாக ஒன்று எடுத்தேன். எங்கள் ஊர் ஆட்டத்துக்கு வருடக்கணக்காக ஒரே பொத்தானை அழுத்திய விரல் இது: "உள்ளூர் அணி, கோலுக்குப் பின்னால்". தானாகப் போய் அதையே அழுத்திவிட்டது. வெளியூர் பக்கம் விற்றுத் தீர்ந்திருந்தது. அந்தப் பெண் ஏழு முறை குனிந்தாள், ஏழு முறையும் முடியாது என்றாள்.

என் டிக்கெட்டைக் கொடுக்கிறேன் என்று சொன்னேனா? இரண்டாம் வரைவில் சொல்லியிருக்கிறேன், கண்ணீரோடு. நிஜத்தில் சொல்லவில்லை. எனக்கும் அந்த ஆட்டம் வேண்டும்.

அக்கா ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். அந்தப் பக்கத்தில் எதிரணி நிறமும் கூடாது, எதிரணிக்குக் கைதட்டவும் கூடாது, அதுதான் விதி. உள்ளே பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார்.

"மேளத்த நீ அடி."

"நானா? எனக்கு வராதுக்கா!"

"டிக்கெட் எடுக்கக்கூட வராதுதான். அதச் செஞ்சல்ல?"

4

அடித்தேன். கேவலமாக அடித்தேன். பக்கத்தில் நின்றவன், "மோரி, நீ என்ன கதவையா தட்டுற?" என்று கத்தினான். ஆனாலும் எண்ணூறு பேர் பாடினோம், மேற்கூரை அதிர்ந்தது, ஐயோ, அந்தச் சத்தம்! முதலில் அவர்கள் ஒரு கோல். எழுபதாவது நிமிடம் நாங்கள் ஒரு கோல். முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிக்கொண்டு குதித்தேன், கண்ணாடி எங்கேயோ பறந்தது. ஒன்றுக்கு ஒன்று.

தொண்ணூற்று மூன்றாவது நிமிடம் எங்களுக்குப் பெனால்டி!

மைதானத்தின் அந்தக் கோடியில், பச்சைச் சட்டை போட்ட உள்ளூர் ஆட்கள் நிற்கும் கோலில். அக்கா உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் முன்னால்.

5

இனி நான் எழுதுவது, திரும்பும் பஸ்ஸில் அக்கா சொன்னது. அங்கே பக்கத்து இருக்கைக்காரர் பச்சைத் தொப்பி போட்ட பெரியவர், நல்ல மனிதர். குளிருது என்று தன் காலில் போர்த்தியிருந்த போர்வையில் பாதியை இவருக்கும் கொடுத்திருந்தார். எங்கள் கோல் விழுந்தபோது அக்கா போர்வையைக் கடித்துக்கொண்டாராம்.

"பல்லு வலிக்குதாம்மா?" என்று கேட்டாராம் அவர்.

இப்போது கவாசே பந்தை வைக்கிறார். எங்கள் அணித் தலைவர், முப்பத்து மூன்று வயது, அக்காவை அவருக்கு முகம் பார்த்தே தெரியும். கோலுக்குப் பின்னால் நாலாயிரம் பேர் எழுந்து, அவர் கவனத்தைக் கலைக்கப் பச்சைத் துண்டைச் சுழற்றுகிறார்கள். பெரியவர் தன்னிடமிருந்த இன்னொரு துண்டை அக்கா கையில் திணித்தார்.

"எழுந்திருங்கம்மா! சுத்துங்க! இத விட்டா அவ்ளோதான்!"

6

முடிவு ஒன்று: அக்கா கையை மடியில் வைத்து அசையாமல் உட்கார, அந்தப் பச்சை அலையில் அசையாத அந்த ஒரே முகத்தைக் கவாசே கண்டுகொண்டு... (அழகு. நம்பமாட்டீர்கள்.)

முடிவு இரண்டு: அக்கா எழுந்து "கவாசே!" என்று அலற, காவலர்கள் ஓடிவர... (அக்கா விதி மீறுகிறவர் இல்லை.)

முடிவு மூன்று: சுற்றினார். மாட்டிக்கொள்ளாமலிருக்க, பதினோரு வருடத்தையும் சேர்த்துச் சுற்றினா—

அதே பஸ்ஸில் இதை எழுதும்போது அக்கா பக்கத்து இருக்கையிலிருந்து தாளைப் பிடுங்கிப் படித்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அழுதுகொண்டே, "மன்னிச்சிருங்கக்கா" என்றேன். கடைசியில் வாய் வந்தே விட்டது.

"அத விடு. கோல் விழுந்துச்சா இல்லையான்னு ஊருக்கே தெரியும். அங்க நான் என்ன செஞ்சேன்னு மட்டும் நீ எழுதக் கூடாது."

"ஏன்க்கா?"

"நீ அங்க உட்காரல."

நியாயம்தான். நானும் உட்காரவில்லை, நீங்களும் உட்காரவில்லை. ஆனால் உங்களை உட்கார வைக்க என்னால் முடியும்.

7

உட்காருங்கள். நாலாயிரம் பேர் கத்துகிறார்கள். நூறு மீட்டர் தள்ளி எவனோ உங்கள் மேளத்தை அடிப்பதை நிறுத்திவிட்டான். கவாசே மூன்றடி பின்னால் போய் நிமிர்ந்து, நேராக உங்கள் பக்கம் பார்க்கிறார். பெரியவர் உங்கள் முழங்கையை இடிக்கிறார். துண்டு உங்கள் கையில் இருக்கிறது.

விசில் ஊதிவிட்டார்கள்.