அரைத் தட்டுப் பிந்திய கிற்றார்

புதுப் பாட்டு ஒன்றைக் கேட்டால், அது எந்தப் பழைய பாட்டிலிருந்து வெட்டி எடுத்தது என்று கண்டுபிடிக்கும்வரை றமணனுக்குச் சோறு இறங்காது. ஜேர்மனியில் இருந்த காலத்திலேயே பிடித்த வியாதி. இலண்டனுக்கு வந்து தமிழாக்களின் கலியாணங்களுக்கும் பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடுகளுக்கும் பாட்டுப் போடத் தொடங்கிய பிறகு அது நன்றாக முற்றிவிட்டது. அமெரிக்கக் கறுப்பினப் பாடகிகள், துருக்கிக்காரர், பிரேசில்காரர் என்று எத்தனையோ பேரை அவன் இந்த வழியாகத்தான் அறிந்தான். புதுப் பாட்டு பழைய ஆளை நாலு செக்கன் காட்டும். அவன் தேடிப்போய் முழு ஆளையும் பிடித்துக்கொண்டு வருவான்.

2005ஆம் ஆண்டு வசந்தத்தில் இலண்டனின் ஹக்னிப் பக்கத்துப் பெடியன் ஒருவனின் ராப் பாட்டு ஊரெல்லாம் ஓடியது. கார்க் கண்ணாடி இறங்கினால் அதுதான். பாட்டுக்கு அடியில் ஒரு கிற்றார்த் துண்டு, மேளத்துக்குக் கொஞ்சம் பின்னால், அவசரமே இல்லாமல் நடந்து வரும். அந்த நடைதான் அந்தப் பாட்டின் உயிர். றமணன் சீடியின் உள்தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தான். கொழும்பில் 1973இல் வந்த ஒரு தமிழ் பொப் இசைத்தட்டிலிருந்து எடுத்தது என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அட, தமிழா? உலகமெல்லாம் தேடித் திரிந்தவனுக்குச் சொந்த வீட்டு அலுமாரிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போய்விட்டதே! அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

மூன்று கிழமை அலைந்து, சவுத்தாலில் ஒரு பஞ்சாபிக்காரரின் கடைப் பெட்டிக்குள் அந்தத் தட்டைக் கண்டெடுத்தான். உறையின் பின்பக்கத்தில் பெல்பொட்டம் போட்ட ஐந்து பேர் நின்றார்கள். நாலாவது ஆளுக்குக் கீழே ‘கிற்றார்: க. ஞானரட்ணம்’ என்று இருந்தது. தான் கட்ட விரும்பிய கௌசியிடம் கொண்டுபோய்க் காட்டினான். அவள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது அப்பான்ர மூக்கு,” என்றாள்.

கௌசியைக் கட்டுவதற்காக றமணன் அவளுடைய தகப்பன் ஞானரட்ணத்திடம் இரண்டு தரம் போயிருந்தான். இரண்டு தரமும் ஒரே பதில்தான். “பாட்டை நம்பிச் சீவிக்கிறவனுக்குப் பிள்ளையைக் குடுக்கேலாது தம்பி.” தகப்பன் ஓம் என்று சொல்லாமல் கட்டமாட்டேன் என்று கௌசியும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இப்போது கையில் துருப்புச் சீட்டு. பெல்பொட்டம் போட்டுக் கிற்றார் அடித்த மனிசன் இனி என்ன நியாயம் கதைப்பார்? பார்க்கலாம் என்று கறுவிக்கொண்டு, சனிக்கிழமை பின்னேரம் இசைத்தட்டும் சீடியும் போடும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு விம்பிள்டனுக்கு ட்ராம் ஏறினான்.

ஞானரட்ணம் தபால் பிரிக்கும் வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மனைவி சுசிலா பக்கத்தில் இருந்தார். றமணன் தட்டைச் சுழலவிட்டான். பாட்டு வந்தது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அந்தக் கிற்றார் வந்தது.

“நிப்பாட்டும்,” என்றார் ஞானரட்ணம்.

அவருடைய முகம் செத்துப் போயிருந்தது. வெற்றியோடு வந்த றமணனுக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அந்த இடத்திலை நான் மேளத்துக்கு அரைத் தட்டுப் பிந்திப் போனன்,” என்றார் அவர். “ஸ்ரூடியோவிலை எங்களுக்கு ஒரு மணித்தியாலந்தான். திருப்பி அடிக்க நேரமில்லை. பிழையோடையே தட்டு வந்திட்டுது. சவிரிமுத்துதான் எங்கட குழுத் தலைவன். எல்லாருக்கும் முன்னாலை, உனக்குத் தாளம் எண்டதே கிடையாது, மேடைப் பக்கம் வந்திடாதை எண்டு சொன்னான். அண்டைக்குக் கீழை வைச்ச கிற்றார், பிறகு தொடேல்லை.”

“முப்பது வருசமா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே,” என்றார் சுசிலா.

“என்னத்தைச் சொல்ல? தாளம் தெரியாதவன் எண்டோ?”

றமணன் பெட்டியை மூடியிருக்கலாம். ஆனால் அவருக்கு இன்னும் பாதிதானே தெரியும். தானே ஆரம்பித்த வினை, பாதியில் விட்டுப் போவது பாவம் என்று பட்டது. “அங்கிள், இன்னொண்டு கேளுங்கோ,” என்று ராப் பாட்டைப் போட்டான்.

ஞானரட்ணம் முதலில் யன்னலைப் பார்த்தபடி இருந்தார். கிற்றார் வந்தது. போய்த் திரும்ப வந்தது. நாலாந்தரம் வரும்போது அவர் குனிந்து பெட்டிக்குக் கிட்டக் காதை வைத்தார். அவருடைய விரல் மேசையில் மெல்லத் தட்டத் தொடங்கியது.

“இதிலை பிழை கேக்கேல்லையே. திருத்திப் போட்டாங்களோ?”

“இல்லை அங்கிள். அதே துண்டுதான். ஒவ்வொரு சுத்திலையும் ஒரே இடத்திலை, ஒரேயளவு பிந்துது. அதாலை அதுவே தாளமாப் போச்சு. அந்தப் பெடியன் முழுத் தட்டையும் கேட்டிட்டு இந்த இடத்தைத்தான் எடுத்திருக்கிறான். இப்ப இந்த ஊரே உங்கட கைக்குத்தான் ஆடுது.”

பாட்டு முடிந்தது. அவர் இன்னொரு தரம் போடச் சொன்னார். பிறகும் போடச் சொன்னார். மூன்றாந்தரம் கண்ணைத் துடைத்தார், மறைக்கவில்லை.

“ஒருக்காத் திருப்பி அடிக்க விட்டிருந்தால் எனக்கு இது விளங்கியிருக்கும்,” என்றார். “சவிரிமுத்து என்னைத் தள்ளிவிட்ட மாதிரித்தான் நான் உம்மையும் தள்ளிவிட்டிருக்கிறன். ரெண்டு தரம்.”

கேட்க வந்ததை றமணன் கேட்கவில்லை. தட்டை உறைக்குள் போட்டு மேசையில் அவர் பக்கமாக வைத்துவிட்டு எழும்பினான்.

“இது உங்களுக்கு, அங்கிள். நான் போயிட்டு வாறன்.”

“இரும். உம்மட அப்பா அம்மா ஜேர்மனியிலைதானே?”

“ஓம்.”

“பொம்பிளை கேக்கிறதுக்குப் பெடியன் தனிய வாறதில்லை தம்பி. அவையளைக் கூட்டிக்கொண்டு வாரும்.”