பின்னறைக் கட்டில்

அம்மாவின் தலையைச் சீவி முடிப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றுவிட்டது. மாமாதான். கூடவே ஒரு பத்திரிகைக்காரர். மாமா தனியாக எங்கும் போய்ப் பல வருஷம் ஆகிறது.

விடியும்போது அம்மா பின்னறைக் கட்டிலில் உயிரை விட்டாள். இப்போது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மகள் சீப்பும் கையுமாக எழுந்து நின்றாள்.

மாமா பெரிய எழுத்தாளர். இந்த வீட்டில் வளர்ந்த கதையை எழுதித்தான் பேர் வாங்கினார். அதில் அவருடைய ஒரே தங்கை பத்து வயதில் காய்ச்சல் கண்டு பின்னறையில் செத்துப்போவாள். படித்தவர்கள் தேம்பி அழுதார்கள். ஒரு எழுத்துகூடக் கற்பனை இல்லை என்று மாமாவும் மேடைக்கு மேடை சொல்லிவிட்டார். அந்த ஒரே தங்கை அம்மாதான். காய்ச்சல் வந்தது நிஜம். பிழைத்துக்கொண்டதுதான் அவள் செய்த தப்பு.

கதையைப் படித்துவிட்டு வீடு பார்க்க வருகிறவர்களைப் பின்னறைக்குக் கூட்டிப்போனதும் அம்மாதான். கட்டில் விரிப்பை நீவிவிட்டு, "ஆமாங்க, இங்கதான்" என்பாள். சிலர் அவள் தோளிலேயே சாய்ந்து அழுவார்கள்.

"குத்துக்கல்லாட்டம் நிக்கிறியே. அது நான்தான்னு சொல்லேம்மா" என்று மகள் சண்டை போட்டிருக்கிறாள்.

"நான் சொன்னா அண்ணன் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்டி. அண்ணனே ஒரு நாள் வாயத் திறந்து சொல்லும், பாரு."

இன்றைக்கு விட்டால் அந்த ஒரு நாள் கிடையாது. எப்படியும் சொல்லிவிடுவார் என்று மகள் நம்பினாள், பைத்தியக்காரி.

மாமா அம்மாவின் கால்மாட்டில் வந்து நின்றார். முகம் கோணிக்கொண்டது. அழுகை பொய்யில்லை.

"கடைசியா உங்களத்தான் கேட்டாங்க, மாமா."

தலையை ஆட்டினார்.

பத்திரிகைக்காரர் தணிந்த குரலில் கேட்டார். "இவங்க உங்களுக்கு என்ன வேணும், சார்?"

மாமா மகளைப் பார்த்தார். அவளும் அவரையே பார்த்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"வீட்டப் பாத்துக்கிட்டாங்க" என்றார். "ரொம்ப வருஷமா."

மகளுக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஆயுசு முழுக்க அம்மா கட்டிக் காத்ததை, அவளைக் கிடத்தி வைத்துக்கொண்டு போட்டு உடைக்க மனம் வரவில்லை. விழுங்கிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பெண் பூங்கொத்தோடு தயங்கி நின்றாள்.

"தப்பான நேரத்துல வந்துட்டேன் போல. ரொம்ப தூரத்துலேருந்து வரேங்க. அந்த ரூமை மட்டும் பாத்துட்டுப் போயிடறேனே."

மாமா தரையைப் பார்த்தார். மகள் அந்தப் பெண்ணை உள்ளே கூட்டிப்போனாள். கூடத்தில் கிடந்த அம்மாவைச் சுற்றிக்கொண்டு இருவரும் நடந்தார்கள்.

பின்னறையில் விரிப்பு கசங்கிக் கிடந்தது. தலையணையில் தலை அழுந்திய குழி அப்படியே இருந்தது. காலையிலிருந்து அதை நீவிவிட யாருக்கும் தோன்றவில்லை.

"ஐயோ, அந்தக் குழந்தை இப்பத்தான் எழுந்து போன மாதிரியே வெச்சிருக்கீங்களே." வந்தவள் உடைந்து அழுதாள். "இங்கதானே?"

"ஆமாங்க" என்றாள் மகள். "இங்கதான்."

வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலருகே குனிந்தாள். தலையணையில் ஒட்டியிருந்த நரைமுடி ஒன்றை விரலால் தட்டிவிட்டு, அந்தக் குழியில் பூவை வைத்தாள்.