சந்தனம் வைத்த பெட்டி

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து மூன்று மாதமாகிறது. நான் இன்னும் அழவில்லை. அதுதான் எல்லாருக்கும் பெரிய கவலை. "அழுதுபோடு புவனா, பாரம் எறங்கும்" என்று பக்கத்து வீட்டு நாச்சியம்மாள் தினமும் வந்து சொல்கிறார். குழாயைத் திறந்துவிடுகிற மாதிரி சொன்னால் எப்படி? வந்தால் அழமாட்டேனா? சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கணபதிப் பக்கம் இருக்கிற ஸ்டெபிலைசர் கம்பெனிக்குப் போய், ரிலேவுக்குச் செம்புக் கம்பியைச் சுருள் சுருளாகக் காயில் சுற்றுகிறேன். உள்ளே ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பிதுரை வந்தான். அவர் வாசித்த மெல்லிசைக் குழுவை இப்போது அவன்தான் நடத்துகிறான். வேனிலிருந்து அவருடைய பெட்டியை இறக்கிக் கூடத்தில் வைத்தான். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அது வீட்டில் இருக்கக் கூடாது என்றுதானே காரியம் முடிந்த மறுநாளே குழுவிடம் கொடுத்தனுப்பினேன்?

பெட்டி என்றால், அவர் ஒவ்வொரு பாகமாகப் பற்றவைத்து, வீட்டிலேயே கட்டிய சிந்தசைசர், கரண்டில் வாசிக்கிற வாத்தியம். கட்டைகள் மட்டும் ஏதோ பழைய ஆர்மோனியத்திலிருந்து வந்தவை.

"கொஞ்ச நேரம் வாசிச்சாலே சுருதி நழுவுதுங்க்கா. நாளைக்குத் தாராபுரத்துல கச்சேரி. ஜப்பான் கீபோர்டு ஒண்ணு எடுத்துக்கலாம்னு பசங்க சொல்றாங்க. இது இங்கயே இருக்கட்டுமுங்க, திருமூர்த்தி அண்ணன் ஞாபகமா."

"ஞாபகமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இப்பவே சரி பண்ணித் தாரேன், எடுத்துட்டுப் போயிரு."

சரி பண்ண எனக்குத் தெரியும். சுருதியைத் தீர்மானிக்கிற இரண்டு டிரான்சிஸ்டர்கள் அதற்குள் ஒட்டி நிற்கும். சூடேறினால் அவற்றின் குணம் மாறி சுருதி நழுவும். அதைச் சரிக்கட்ட, சூட்டோடு சேர்ந்து தானும் மாறுகிற ஒரு ரெசிஸ்டர் வேண்டும். கோயமுத்தூர் முழுக்கத் தேடியும் அவருக்கு அது கிடைக்கவில்லை. செம்புக்கும் அந்தக் குணம் உண்டென்று எங்கோ படித்துவிட்டு வந்து, "அம்மணி, உங்க ரிலேக் கம்பியில ஒண்ணு சுத்திக் குடேன்" என்று கெஞ்சினார். தலைமுடி கனம்கூட இல்லாத கம்பி. அறுந்து அறுந்து போய், நான் அவரைத் திட்டித் தீர்த்த பிறகு, சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு காயில் தேறியது. அதை டிரான்சிஸ்டர்களோடு சேர்த்து, சூட்டைக் கடத்துகிற வெள்ளைப் பசையை அப்பி, நூலால் கட்டினார். எல்லாம் ஒரே சூட்டில் இருந்தால்தான் சுருதி நிற்கும். பிரிந்தால் போச்சு.

மூடியைக் கழற்றினேன். குப்பென்று சந்தன வாசம். ஒவ்வொரு பாகத்தின் தலையிலும் சந்தனம், குங்குமம். காயில் தனியே தொங்கிக்கொண்டிருந்தது. பசையைக் காணோம்.

"ஏந் தொரை, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"ஆயுத பூசைக்குங்க்கா. அண்ணன் பெட்டியாச்சே, உள்ளயும் தொடைச்சுப் பொட்டு வெச்சோம். அங்க என்னமோ வெள்ளையா அப்பியிருந்துச்சு. அழுக்குன்னு நாந்தான் நூலப் பிரிச்சு வழிச்சுப்போட்டேன்."

"பக்தியில கெடுத்துப்போட்டியே சாமி," என்றேன். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

பழைய பல் பிரஷ்ஷில் ஸ்பிரிட்டைத் தொட்டுச் சந்தனத்தை எடுத்தேன். அவர் மேசை டிராயரில் பசை டியூப் கிடந்தது. வழக்கம்போல நடுவில் பிதுக்கி வைத்திருந்தார். அதற்கும் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். இப்போது பார்த்தபோது ஒன்றும் தோன்றவில்லை. பசையை அப்பி, காயிலைச் சேர்த்துக் கட்டினேன்.

அவர் அதைச் சோதிக்கிற விதம் ஒன்று உண்டு. ஒரு கட்டையை அழுத்திக்கொண்டு அடுப்படியில் நிற்கிற என்னைக் கூப்பிடுவார். "அம்மணி, வந்து விரல வை. எங்கை சில்லுன்னு கெடக்குது. உன்ற கைதான் சூடு." முணுமுணுத்துக்கொண்டே போய் வைப்பேன். அந்தச் சூட்டுக்குச் சுருதி அசையக் கூடாது.

ஒயரைச் சொருகினேன். தம்பிதுரை கட்டையை அழுத்தினான். கட்டின இடத்தில் விரலை வைத்தேன். சுருதி முதலில் லேசாக நடுங்கியது, பிறகு ஒரே சீராக நின்றது.

"அசையவே இல்லீங்க்கா!" அவன் முகமெல்லாம் பல். "போதுமுங்க, கையை எடுங்க. வேன்காரரு காத்துட்டு இருக்காரு."

எடுத்தால் மூடியைத் திருகிக் கொண்டுபோய்விடுவான். அதைத்தானே கேட்டேன்? ஆனால் இனிமேல் "விரல வை" என்று யாரும் என்னைக் கூப்பிடப் போவதில்லை. பெட்டி போகக் கூடாது என்று இருந்தது. இந்த மூன்று மாதத்தில் எனக்கு ஏதோ ஒன்று வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான்.

அவன் கட்டையை விட்டான். சத்தம் நின்றது.

"அழுத்து தொரை," என்றேன். "எடுக்காத. இன்னுஞ் சூடேறலே."

என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி அழுத்தினான். வாசலில் வேன்காரர் ஹாரன் அடித்தார். அவன் கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.