நாற்பதாவது ஆள்

"பள்ளிக்கு ஏசி போட்டது யாரு வாப்பா? டைல்ஸ் பதிச்சது—"

"டைல்ஸ் எழும்பித் தொழுமா? ஏசி வந்து ஸஃப்புல வரிசையா நிக்குமா?"

"நான் என்ன சொல்றேன்னா—"

"நீ சொல்லாத, நான் சொல்றேன்!"

தகப்பனும் மகனும் ஒரே நேரத்தில் கத்தியதில், இருவரும் சொன்னது விளங்கியது அடுப்படியில் நின்ற கைறுன்னிஸாவுக்குத்தான்.

பல்லேபொலப் பக்கத்திலிருந்த அவர்கள் ஊரில் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நடக்க, ஊரோடு குடியிருக்கும் நாற்பது ஆண்கள் வேண்டும். போன வெள்ளிவரை கணக்கு சரியாக இருந்தது. ஊர்க் கிழவர் பதுர்தீனை அவர் மகள் கொழும்புக்குக் கூட்டிப் போனாள், ஒன்று குறைந்தது. கொழும்புக்குப் போன பிள்ளைகளோ கம்பளம், ஏசி என்று அனுப்பியபடியே இருந்தார்கள். ஆள் குறையக் குறையப் பள்ளி அழகாகிக்கொண்டே வந்தது.

பள்ளிவாசல் தலைவரான தகப்பன் ஜமால்தீனுக்கு ஒரே கவலை. தன் காலத்தில் ஜும்ஆ நின்று, ஊர் தொழுகைக்கு மாத்தளைக்கு பஸ் ஏறியது என்ற பேர் வந்துவிடக் கூடாது.

"அப்ப என்னய எண்ணுங்க," என்றான் மகன் றிஷாத். "கொழும்புல யாரு கேட்டாலும் பல்லேபொலன்னுதான் சொல்றேன்."

"இங்க வந்தா போத்தல் தண்ணிதானே குடிக்கிற," என்றாள் கைறுன்னிஸா.

"நீங்க சும்மா இருங்க உம்மா."

"வந்து போறவன் தொழலாம், எண்ண ஏலாது," என்றார் ஜமால்தீன். "தொழுவிக்கிற ஹஸரத் கேப்பாரு, இங்கயே இருக்கப் போறியான்னு."

"ஓம்னு சொல்றேன். வாயால சொல்றதுதானே?"

ஜமால்தீனின் முகம் மலர்ந்துவிட்டது. தலையில் தொப்பி இருப்பதை மறந்து தொப்பியைத் தேடினார்.

வாசலில் கார் ஹோர்ன் கேட்டது. றிஷாத் பதறி எழும்பினான்.

"யாரு?"

"தெரிஞ்ச ஆள் வாப்பா. சும்மா... தோட்டம் பாக்க."

கைறுன்னிஸா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். விடிகாலை ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு மிளகுத் தோட்டத்தில் நின்று அவன் போனில் குசுகுசுத்தது அவளுக்கு முழுக்கக் கேட்டிருந்தது. வீடும் தோட்டமும் அவன் பேரில். போன வருசம்தான் ஜமால்தீன் சந்தோஷமாக எழுதிக் கொடுத்திருந்தார்.

"மிச்சத்தையும் சொல்லு மகன்," என்றாள். "இதெல்லாம் வித்துட்டு எங்க ரெண்டு பேரையும் கொழும்புப் பக்கம் தெஹிவளையில ஒன்ட வீட்டுக்குக் கூட்டிப் போறதா வாசல்ல நிக்கிற அவருட்ட சொன்னியே."

தொப்பி தேடிய கை தலையிலேயே நின்றது. ஜமால்தீன் மகனைப் பார்த்தார். மகன் கேட்டைப் பார்த்தான். ஹோர்ன் மறுபடி கேட்டது.

"ஒன்ன ஊராளுன்னு எண்ணுறதா, ஒன்ட வாப்பாவையும் வந்து போறவருன்னு எண்ணுறதா?" என்றாள் கைறுன்னிஸா. "அதச் சொல்லிட்டுப் போய்க் கேட்டைத் தொற மகன்."