கெளுத்திச் சண்டையும் ஐந்தாவது பாட்டும்

லமாரும் ஐசமும் பேச்சை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தபோதுதான் டெல்ஃபின் மேயோ எங்கள் ஸ்டூடியோவுக்குப் பாட வந்தாள்.

லமார் பெட்டஸ் எங்கள் டிரம்மர். ஐசம் கிரீன்லீ கிட்டார். நான், வெண்டல், பாஸ் கிட்டார். அலபாமாவின் வடக்கு மூலையில், டென்னசி ஆற்றை ஒட்டி, ஒரு காலத்தில் டயர் கடையாக இருந்த கட்டடத்தில் வாசித்துக்கொண்டிருந்தோம். பாடகர்கள் சிகாகோவிலிருந்து வருவார்கள், நியூயார்க்கிலிருந்து வருவார்கள், லண்டனிலிருந்துகூட முடி வளர்த்த பையன்கள் வருவார்கள். இசைத்தட்டின் உறையில் அவர்கள் முகம் இருக்கும். ஊசியை வைத்தால் காலை ஆட்டவைப்பது நாங்கள்.

சண்டை ஒரு கெளுத்தி மீனால் வந்தது. இருவரும் பாதிப் பாதி போட்டு ஒரு படகு வாங்கியிருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரனும் ஒரு கறுப்பனும் ஒரே படகில் உட்கார்ந்திருப்பதைக் கரையில் நிற்பவர்கள் முறைத்துப் பார்ப்பார்கள். இவர்கள் தூண்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு சனிக்கிழமை ஐசமின் தூண்டிலில் பெரிய கெளுத்தி ஒன்று மாட்டியது. அரைமணி நேரம் மல்லுக்கட்டிப் படகோரம் கொண்டுவந்துவிட்டான். லமார் வலையை நீட்டினான். மீன் வலையில் ஒரு இடி இடித்தது, தூண்டில் நரம்பு அறுந்தது, போய்விட்டது.

அதோடு விட்டிருக்கலாம். ஐசம் முடிதிருத்தும் கடையில் போய், "வலை பிடிக்கத் தெரியாதவன் டிரம் குச்சி எப்படிப் பிடிப்பான்?" என்று சொல்லிவைத்தான். அது அன்றைக்கே லமாரின் காதுக்கு வந்தது. லமார், "அது மீனே இல்ல. தண்ணியில ஊறின மரக்கட்டை. கட்டையோட அரைமணி நேரம் சண்டை போட்ட ஒரே ஆளு அவன்தான்" என்று பதில் அனுப்பினான்.

அன்றிலிருந்து எனக்குத் தபால்காரர் வேலை. டிரம்ஸ் ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம், நடுவில் என் நாற்காலி.

"வெண்டல், அந்த கிட்டார்காரன்கிட்ட சொல்லு, ரெண்டாவது வரியில பறக்கறான்னு" என்பான் லமார்.

ஐசம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருப்பான். "வெண்டல், நான் பறக்கல, அவன்தான் தூங்கி வழியறான்னு சொல்லு."

"டேய், ரெண்டு பேருக்கும் காது கேக்குதுல்ல?"

"கேக்குது. இருந்தாலும் நீ சொல்லு."

இந்த நிலையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலை டெல்ஃபின் வந்து இறங்கினாள். ஜார்ஜியாவில் மேக்கன் ஊர்க்காரி. மஞ்சள் கவுன், ஆள் வாட்டசாட்டம், தேவாலயத்தில் பாடிப் பாடி உரமேறிய தொண்டை. அவளுடைய முதல் தட்டை நியூயார்க்கில் ஒரு வயலின் பட்டாளத்தை வைத்துப் பதிவுசெய்திருந்தார்கள். விற்கவில்லை.

"என் குரலைப் பஞ்சு மெத்தையில படுக்க வச்சு தாலாட்டிட்டாங்க கண்ணு" என்றாள் என்னிடம். "எனக்குத் தூங்க வேணாம். ஆடணும். உங்களால முடியுமா?"

"மத்தவங்களைக் கேட்டுச் சொல்றேன் மிஸ் டெல்ஃபின். இங்க எல்லாமே என் வழியாத்தான் போகுது" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

ஆகஸ்ட் மாதம். பதிவு நடக்கும்போது குளிர்சாதனம் போடக்கூடாது, அதன் உறுமல் மைக்கில் ஏறிவிடும். சிவப்பு விளக்கு எரிந்தவுடன் அறை இட்லிப் பானை போல் ஆகிவிடும். கண்ணாடிக்குப் பின்னால் ஸ்டூடியோ முதலாளி ஹாலிஸ் கிராப், நாடா சுற்றும் இயந்திரத்தில் கை வைத்துத் தலையசைத்தார்.

அன்றைக்கு என்ன நடந்ததென்று இப்போதும் யோசித்துப் பார்ப்பதுண்டு. ஐசம் மேல் இருந்த கடுப்பில் லமார் அடியை ஒரு மயிரிழை தாமதமாகப் போட்டான், 'உனக்காக நான் ஓடி வர முடியாது' என்பது போல. லமார் மேல் இருந்த கடுப்பில் ஐசம் ஒரு மயிரிழை முந்தி வெட்டினான், 'வந்தா வா, வராட்டிப் போ' என்பது போல. இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து விழுந்தது. அந்தச் சந்தில் நான் பாஸை வைத்தேன். பாட்டு இடுப்பை ஆட்டிக்கொண்டு எழுந்து நின்றது.

டெல்ஃபின் பாடி முடித்து, காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "இந்த ரூம்ல யாரோ யாரையோ அடிக்கணும்னு நினைக்கிறாங்க. யாரு?"

லமாரும் ஐசமும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"யாரா இருந்தாலும் சரி, விட்டுடாதீங்க" என்றாள். சாயங்காலத்துக்குள் நான்கு பாட்டு முடிந்தது. ஹாலிஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஐந்தாவது பாட்டு, அவளே எழுதியது, திங்கட்கிழமைக்கு என்று வைத்தார்கள். அதுதான் தட்டின் முதல் பாட்டாக வரப்போகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஐசமின் சின்ன லாரி ஆற்றுப்பாலத்தின் நட்டநடுவில் நின்றுபோனது. பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வந்த வண்டிகளில் ஒன்று லமாருடையது. லமார் இறங்கி வந்தான். மூன்று வாரத்துக்குப் பிறகு நேராகப் பேசிய முதல் வார்த்தை, "கயிறு வச்சிருக்கியா?"

"இருந்தா இங்க நிப்பேனா?"

போதாதா? லமார் தன் வண்டியைக் குடைந்து ஒரு பழைய கயிற்றை எடுத்துக் கட்டி இழுத்துக்கொண்டு போனான். போகிற வழியில் கயிறு இரண்டு முறை அறுந்தது. இரண்டாவது முறை இருவரும் சாலையோரம் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்களாம்.

திங்கட்கிழமை காலை ஒரே வண்டியில் வந்தார்கள். லமாரின் மனைவி கொடுத்தனுப்பிய பன்றித் தொடைக்கறி வைத்த பிஸ்கட் ரொட்டியை ஐசம் தின்றுகொண்டிருந்தான். என் தபால் வேலை போனது. நிம்மதியாக காபி குடித்தேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் சில அடிகளிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. லமார் ஐசமுக்காகக் காத்திருந்தான். ஐசம் லமாருக்காகக் காத்திருந்தான். வாசற்படியில் இரண்டு சம்பந்திகள், 'நீங்க முதல்ல போங்க, இல்ல இல்ல நீங்க போங்க' என்று நிற்பார்களே, அந்த மாதிரி வாசிப்பு. ஒரு தப்பு கிடையாது. உயிரும் கிடையாது. ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகை வேறு.

மதியம் வரை ஏழெட்டு முறை எடுத்தாயிற்று. டெல்ஃபின் என்னையும் ஹாலிஸையும் காபி போடும் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"வெள்ளிக்கிழமை இருந்த பசங்க எங்க?"

"அதே பசங்கதான். ராசியாயிட்டாங்க" என்றேன்.

"யாரு ராசியாகச் சொன்னது? மறுபடி வயலினோட விட்டுட்டாங்க என்னைய!" அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். "இந்தத் தட்டும் போகலைன்னா கம்பெனி என்னை விட்டுடும் வெண்டல். நான் திரும்பி சலவைக்கடைக்குத்தான் போகணும்."

ஹாலிஸ் என் தோளில் கை போட்டார். அவர் கை போட்டால் நல்லதே நடந்ததில்லை. "நீதான் நடுவுல இருக்கிறவன். மெதுவா அந்த மீன் பேச்சை எடுத்துவிடு."

"ஹாலிஸ், இப்பதான் நான் மூச்சு விடுறேன்."

"ஒரே ஒரு பாட்டு."

போனேன். லமார் வெளியே நிழலில் புகைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்தபடி, "ஐசம் அந்த மீனைப் பத்தி இன்னும் சொல்லிட்டுத்தான் இருக்கான். இப்ப கன்னுக்குட்டி சைஸாம்" என்றேன்.

"இருக்கும் இருக்கும். நல்ல பெரிய மீன்தான் அது" என்றான் லமார்.

உள்ளே போய் ஐசமிடம், "லமார் இன்னமும் கட்டைங்கறான்" என்றேன்.

ஐசம் நரம்பைத் திருகிச் சுருதி சேர்த்துக்கொண்டே, "தண்ணி கலங்கல்டா அன்னிக்கு. எனக்கே சந்தேகமா இருந்துச்சு" என்றான்.

இதுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடைசியாக ஒன்று செய்தேன். செய்திருக்கக்கூடாது. "அது மட்டும் இல்ல, நீ வாசிக்கிறது உன் மாமனார் வண்டி மாதிரியாம், தள்ளிவிட்டாத்தான் ஓடுமாம்" என்று நானே ஒன்றை இட்டுக்கட்டினேன்.

ஐசம் சுருதிச் சாவியிலிருந்து கையை எடுத்தான். "லமாரு!" என்று கத்தினான். லமார் உள்ளே வந்தான். "என் மாமனார் வண்டியைப் பத்தி ஏதாவது சொன்னியா?"

"உன் மாமனாருக்கு வண்டியே கிடையாதேடா. கோவேறு கழுதைதான வச்சிருந்தாரு?"

இருவரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

"என்கிட்ட மீனு கன்னுக்குட்டின்னான்" என்றான் லமார்.

"என்கிட்ட கட்டைன்னான்."

"மிஸ் டெல்ஃபினுக்காகத்தான்டா..." என்று ஆரம்பித்தேன்.

லமார் என்னைப் பார்க்காமல், "ஐசம், அந்த பாஸ்காரன்கிட்ட சொல்லு, உக்காந்து வாசிக்கச் சொல்லு. இன்னிக்கு வாசிக்கிறானா பார்ப்போம்" என்றான்.

"நான் எதுக்கு அவன்கிட்ட பேசணும்? நீயே சொல்லு."

"நான் பேசறதா இல்ல."

சிவப்பு விளக்கு எரிந்தது. லமார் நான்கு எண்ணினான். நான் கால் வைக்கும் முதல் அடியையே அவன் போடவில்லை! மாடிப்படி ஒன்று குறைந்தது போலத் தடுமாறினேன். சுதாரித்து நிற்பதற்குள் ஐசம் கிட்டாரின் கீழ்ச்சுருதிக்கு இறங்கிவந்து என் இடத்தில் கரகரவென்று வெட்டினான். இருவரும் கண்ணால் பேசிக்கொண்டார்கள். ஒருவன் தள்ளிவிட, ஒருவன் காலை வாரினான். இரண்டாவது சுற்றில் எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. எத்தனை நாள் உங்கள் தூதைச் சுமந்தேன், நன்றி கெட்டவர்களே! அவர்கள் விட்ட இடத்தையெல்லாம் பிடித்தேன். லமார் தாமதித்தால் அவனை இழுத்தேன். ஐசம் முந்தினால் குறுக்கே கால் நீட்டினேன். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. விரல் நுனி எரிந்தது.

இந்தக் களேபரத்தின் மேல் டெல்ஃபின் ஏறி நின்றாள். அவள் பாட்டு ஓடிப்போன புருஷனைப் பற்றியது. அன்று அவனை ஊர் எல்லைவரை துரத்திப் போய்க் காலரைப் பிடித்து இழுத்து வந்தாள். எழுதி வைத்திருந்த முடிவு வந்தது, அவள் நிறுத்தவில்லை. நாங்களும் நிறுத்தவில்லை. இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒன்று. கண்ணாடிக்குப் பின்னால் ஹாலிஸ் நாடா தீரப்போகிறது என்று கையைக் காட்டிக் குதித்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் டெல்ஃபின் ஓடிவந்து மூவரையும் ஒரே பிடியாகக் கட்டிக்கொண்டாள். அவள் அணைப்பில் ஐசமின் முகமும் என் முகமும் இரண்டு விரற்கடை தூரத்தில் இருந்தன. அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஒரு வாரம் அப்படியே போனது. ஹாலிஸ் பாட்டின் ஒலிகளைச் சேர்த்து முடித்து எங்களைக் கூப்பிட்டார். கண்ணாடி அறையில் மூவரும் சுவரில் சாய்ந்து நின்றோம். பெரிய ஒலிபெருக்கியில் பாட்டு வந்தது. லமாரின் கால் தானாக ஆடத் தொடங்கியது. நான் தடுமாறிய அந்த இடம் வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தடுமாற்றமாகவே கேட்கவில்லை. யாரோ கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்த மாதிரி இருந்தது.

பாட்டு முடிந்து, நாடாச் சுருள் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.

"பாஸ் நல்லா இருக்கு வெண்டல்" என்றான் ஐசம், என்னைப் பார்த்து.

"நல்லா எல்லாம் இல்ல" என்றான் லமார். அவனும் என்னைப் பார்த்துத்தான் சொன்னான். "ஆனா இன்னிக்குச் சாப்பாடு நான் வாங்கித் தர்ற அளவுக்கு இருக்கு. வர்றியா?"

தட்டு நவம்பரில் வந்தது. அந்த ஐந்தாவது பாட்டைத்தான் வானொலிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். கிறிஸ்துமஸுக்குள் மெம்ஃபிஸிலிருந்து டெட்ராய்ட் வரை எல்லா விருந்திலும் அதுதான். டெல்ஃபின் சலவைக்கடைக்குத் திரும்பவே இல்லை. அடுத்த வசந்தத்தில் எங்களோடு இன்னொரு தட்டுக்காக வந்தாள், பின்சீட்டு நிறைய பீச் பழத்தோடு. காரிலிருந்து இறங்கும்போதே எங்கள் மூவரையும் வரிசையாக உற்றுப் பார்த்தாள்.

"எல்லாரும் பேசிக்கிறீங்களா?"

"பேசிக்கிறோம் மிஸ் டெல்ஃபின்."

"அடக் கடவுளே" என்று சொல்லிவிட்டு, பழக்கூடையை என் கையில் திணித்தாள்.