இருமல் நிற்கும் வரை

நாய் முதலில் இருமியது என் செருப்பின்மேல். முதுகை வளைத்து, கழுத்தை நீட்டி, தொண்டைக்குள் ஏதோ அறுந்ததுபோல் ஒரு சத்தம் எழுப்பியது. பிறகு ஓங்கரித்தது. வெள்ளை நுரை வந்து விழுந்தது. நுரைக்குள் நூல்நூலாகச் சளி. அதைத் தானே முகர்ந்து பார்த்து, நக்கி உள்ளே எடுத்துக்கொண்டது. குடித்துக்கொண்டிருந்த காப்பியை நான் கீழே வைத்தேன்.

"முள்ளு எதுனா சிக்கியிருக்கும்," என்றார் மாமா.

மாமா என்றால் என் மனைவியின் அப்பா. பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். எங்களோடுதான் இருந்தார். போன வருடம் அவள் இறந்த பிறகு, இனி எங்கே போவது என்று அவரும் பேச்செடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. முந்தின நாள் காய்கறி வாங்கக் கிளம்பியவர், நாய்க் காப்பகத்துக்குப் போய் இதைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். காய்கறி வரவில்லை.

"வீட்ல ஏதாவது ஒண்ணு குரைக்கட்டும் மாப்ள. நாம ரெண்டு பேரும் வாயத் தொறக்கிறதில்ல," என்று காரணம் சொன்னார்.

பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியது, வயதானது. 'துரை' என்று அவரே பெயரும் வைத்தார். இப்போது துரையின் வாயைப் பிளந்து, மணிக்கட்டு வரை கையை உள்ளே விட்டுத் துழாவினார்.

"முள்ளு இல்ல," என்றார். கையைச் சட்டையில் துடைத்தார். அதே கையால் மேசையிலிருந்த ரொட்டியை எடுத்துக் கடித்தார்.

நான் காப்பகத்துக்குத் தொலைபேசினேன். நாயைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். எடுத்த பெண் அலுத்துப்போன குரலில் பேசினார்.

"இருமுதா? அப்ப இங்க கொண்டு வராதீங்க சார். மத்ததுக்கெல்லாம் ஒட்டிக்கும்."

"உங்ககிட்டேருந்துதானே அதுக்கு வந்திருக்கும்."

"இருக்கும். இல்லன்னு சொல்லல. ஆனா அப்படியே திரும்பி வரக்கூடாது. இருமல் சுத்தமா நிக்கணும். நின்னு ரெண்டு வாரம் போகணும். அப்புறம் நாங்களே வண்டி அனுப்பி எடுத்துக்கிறோம்."

"நடுவுல ஒரு தடவ இருமினா?"

"மறுபடி மொதல்லேருந்துதான் சார்."

அதைத் துரத்த வேண்டுமென்றால் குணப்படுத்தியாக வேண்டும். மாமாவிடம் சொன்னேன். அவர் நாயைப் பார்த்தபடி, "சரி, துரை கிளம்புற வரைக்குமாவது நல்லா பாத்துக்குவோம்," என்றார். வாதாடவில்லை. அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

கால்நடை மருத்துவர் இளம்பெண். மாமா முந்திக்கொண்டார்.

"டாக்டரம்மா, நான் காலமெல்லாம் பஸ் ஓட்டினவன். இது இருமலே இல்ல. ஏர் ஹார்ன்."

மருத்துவர் நாயின் தொண்டையை லேசாக அழுத்தினார். அது அவர் முகத்திலேயே இருமியது. மூக்குக்கண்ணாடியில் துளிகள் தெறித்து நின்றன. அவர் துடைக்காமலே பேசினார். அந்தத் துளிகளைத் தவிர வேறெதையும் என்னால் பார்க்க முடியவில்லை.

"கென்னல் காஃப். நிறைய நாய் ஒரே இடத்துல அடைஞ்சு கெடந்தா வரும். பயப்பட வேண்டாம். மாத்திரை எழுதறேன். கழுத்துப் பட்டையக் கழட்டிட்டு மாருக்குப் போடுற பட்டையா வாங்குங்க. ஓட விடாதீங்க, மத்த நாய்கிட்ட விடாதீங்க. இடத்தச் சுத்தமா வச்சுக்குங்க."

சுத்தம் எனக்குப் புதிதல்ல. பால் பாக்கெட் போடும் ஆலையின் ஆய்வகத்தில் வேலை. குழாய், தொட்டி, கதவுப்பிடி, ஆட்களின் உள்ளங்கை என்று எல்லாவற்றையும் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்து, அதில் என்ன முளைக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏதாவது முளைத்தால் குளோரின் அடிக்க வேண்டும். உலகத்தின்மேல் மெல்லியதாக ஒரு வழவழப்பு படர்ந்திருக்கிறது. எனக்குத் தெரியும். மற்றவர்கள் தெரியாமல் சாப்பிடுகிறார்கள்.

ஆலையில் எப்படிச் செய்வேனோ வீட்டிலும் அப்படியே செய்தேன். நாயைப் பின்கட்டுச் சிறிய அறையில் விட்டேன். கிருமி பரவாமலிருக்கச் சன்னலை மூடினேன். கதவடியில் துணி திணித்தேன். வேலைக்குப் போகும்முன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை, ஆலையிலிருந்து கொண்டுவந்த குளோரினைக் கரைத்துத் தரையைக் கழுவினேன். சுவரில் நாயின் உயரம் வரைக்கும் துடைத்தேன். எச்சில் காய்ந்தால் சுவரில் நத்தை போன தடம்போல் மினுக்கும். அதைச் சுரண்டும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். என் கண்ணிலும் நீர் வழிந்தது. சுத்தம் செய்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

மாமா வாசலில் நின்று பார்த்தார். "துரைக்கு ஜலதோஷம். மாப்ள ஆபரேஷன் தியேட்டரே கட்டிட்டாரு."

இருமல் குறையவில்லை. கூடியது. இடைவெளியே இல்லாமல் இருமியது. மூக்கில் பச்சையாக ஒழுகி, மீசை மயிரில் கட்டிதட்டி நின்றது. நான் குளோரினைக் கூட்டினேன். பிறகு அது சாப்பிடுவதை நிறுத்தியது. விலா எலும்புகள் துருத்தி போல் ஏறி இறங்கின. கிண்ணத்தில் வைத்தது புளித்து நாறியது. மாமா கேலியை நிறுத்தினார். நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "கிளம்புங்க," என்றார். அவர் கழுத்து வழியாகச் சளி வழிந்து சட்டைக்குள் போனது.

இந்த முறை மருத்துவர் நாயை முகர்ந்தார். பிறகு என் சட்டைக்கை அருகே குனிந்து முகர்ந்தார்.

"வீட்ல நீச்சல்குளம் இருக்கா சார்?"

குளோரின் போட்டுக் கழுவுவதைச் சொன்னேன்.

"உங்க கண்ணே செவந்திருக்கு. அதுக்குத் தொண்ட முழுக்கப் புண்ணு. அத மூடுன ரூம்ல போட்டு, புண்ணுமேல குளோரினக் காட்டியிருக்கீங்க. எப்படி ஆறும்?" காதில் கருவியை மாட்டி நாயின் நெஞ்சை நெடுநேரம் கேட்டார். "இன்னும் நுரையீரலுக்கு எறங்கல. எறங்கிட்டா வயசான நாய், தாங்காது. வாசமே வேண்டாம். சன்னலத் தெறங்க. சோப்புத் தண்ணி போதும். குளியலறைல வெந்நீரத் தெறந்துவிட்டு, கதவச் சாத்திக்கிட்டு, அந்த ஆவில அதோட உக்காருங்க. தெனமும்."

"நானா?"

"யாராவது."

மாமாவுக்கு ரத்த அழுத்தம். புழுக்கத்தில் உட்கார்ந்தால் தலைசுற்றும். வேறு ஆள் இல்லை. வழியில் அவர், "கொசு மருந்து அடிக்கிற வண்டி ஒண்ணு வெலைக்கு வருதாம் மாப்ள. சொல்லி வைக்கவா?" என்றார்.

குளியலறையில் இரண்டு பேர் நிற்கலாம், உட்கார முடியாது. நான் தரையில் குந்தினேன். வெந்நீர் வாளியில் விழுந்து ஆவி எழுந்தது. நனைந்த நாயின் நாற்றம் ஆவியோடு சேர்ந்து கனமாகி, நாக்கில் வந்து உட்கார்ந்தது. பழைய துணி, ஈர மண், கெட்டுப்போன இறைச்சி. துப்பினால் போகாது. நாய் என் முழங்காலில் தாடையை வைத்தது. தள்ளினேன். மறுபடி வைத்தது. உதட்டிலிருந்து கோழை இறங்கி என் காலில் சூடாகப் பரவியது. பிறகு இருமியது. முகத்தைத் திருப்புவதற்குள் என் கன்னத்திலும் வாயோரத்திலும் பட்டது.

வாளிப் பக்கம் குனிந்து வாந்தியெடுத்தேன். நாய் ஆர்வத்தோடு எட்டிப் பார்த்தது.

"உள்ள யாரு மாப்ள, நீங்களா துரையா?" வெளியே மாமாவின் குரல்.

"நான்தான்."

"துரை எப்படியிருக்கான்?"

"என்னப் பாத்துக்கிட்டிருக்கு."

கதவில் சாய்ந்து உட்காருகிறார் என்று தெரிந்தது.

"அவளுக்குச் சின்ன வயசுல இப்படித்தான். மழை வந்தாப் போதும், நெஞ்சுல கட்டிக்கும். நான் டூட்டிக்குப் போற சட்டையிலயே வாந்தி எடுத்து வச்சிருவா. மாத்துச் சட்ட இருக்காது. அப்படியே போயி வண்டி எடுப்பேன். மொத சீட்ல ஒருத்தனும் உக்கார மாட்டான்." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

அவள் அலுவலகத்தில் நாற்காலியில் இருந்தபடியே போனாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். நான் மருத்துவமனைக்குப் போனபோது முகம் துடைத்து, தலை வாரி, கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். எங்கும் ஒரு கறை இல்லை. நான் செய்வதற்கு ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

"மாமா," என்றேன், "துண்டு ஒண்ணு குடுங்க. ரெண்டு பேருக்கும் ஒழுகுது."

சன்னல்களைத் திறந்து வைத்தோம். வீட்டுக்கு நாய் நாற்றம் வந்தது. குளோரின் கேனை ஆலைக்கே கொண்டுபோனேன். மாத்திரையை வேகவைத்த கோழிக்குள் பொதிந்து கொடுத்தால் கோழியைத் தின்றுவிட்டு மாத்திரையை என் கையில் துப்பியது. வழவழவென்று, பாதி கரைந்து. அதை மறுபடி அதன் அடிநாக்கில் தள்ளி, வாயைப் பொத்தி, தொண்டையைத் தடவினேன். பற்கள் மஞ்சள். ஈறு கறுப்பு. மூச்சு சாக்கடை. விழுங்கியதும் என் விரல்களை ஒவ்வொன்றாக நக்கியது.

இருமல் மெல்லக் குறைந்தது. ஒருநாள் வராதிருந்து, மறுநாள் கதவு மணி அடித்த பரபரப்பில் ஒன்று வந்தது. "மொதல்லேருந்து," என்றார் மாமா, முகத்தில் எதையும் காட்டாமல். பிறகு வரவில்லை. இரண்டு வாரக் கெடு முடிந்த மாலை காப்பகத்துப் பெண்ணே அழைத்தார்.

"இருமல் நின்னுச்சா சார்?"

"நின்னுருச்சு."

"நல்லது. காலைல வண்டி வரும்."

மாமா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் நின்றது. நாய் கூடத்தில் தன் பின்பக்கத்தைத் தரையில் தேய்த்தபடி நகர்ந்துகொண்டிருந்தது.

"அங்க வந்தா யாராவது எடுப்பாங்களா?" என்று கேட்டேன்.

"வயசான நாய். பாக்கணும் சார்."

"எடுக்க மாட்டாங்க. ரொம்ப அசிங்கமான நாய். எடுத்த வாந்தியத் தானே திங்குது. சாப்பிட்டா ஏப்பம் விடுது, அந்த நாத்தம் அடுத்த ரூம் வரைக்கும் வருது. எங்க பாத்தாலும் எச்சி. இப்பக்கூட என்ன பண்ணிட்டிருக்குன்னு உங்ககிட்டச் சொல்ல முடியாது. மனுஷன் வச்சுக்க முடியாது இத."

"அதான் சார், வண்டி அனுப்பறேன்ங்கிறேன்."

"வேண்டாம்னு சொல்றேன்ல."

அவர் ஏதோ கேட்டார். நான் வைத்துவிட்டேன்.

மாமா ஈரக்கையோடு வாசலில் நின்றார். "என்ன சொல்றாங்க?"

"தரையத் தொடைக்கணும். பழந்துணி எங்க இருக்கு?"

எடுத்துக் கொடுத்தார். நான் மண்டியிட்டுத் துடைத்தேன். நாற்றம் முகத்தில் அடித்தது. நாய் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, துணி போகும் பக்கமெல்லாம் கூடவே வந்தது.